மீட்டர் எந்தத் தேதியிலிருந்து தப்பு?

எங்கள் எரிவாயு மீட்டரின் காலிப்ரேஷன் (அளவு சரியா என்ற சோதனை) முடிந்து டெக்னீஷியன் நீட்டிய தாளில் எல்லோரும் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்த்தோம். பிளஸ் 6 மில்லிமீட்டர். அதாவது குழாயில் வாயு ஓடாமல் நிற்கும்போதும் எங்கள் டிபி டிரான்ஸ்மிட்டர் (மீட்டரில் அழுத்த வித்தியாசத்தை அளக்கும் கருவி) 6 மி.மீ. உயர நீருக்குச் சமமான அழுத்தம் காட்டிக்கொண்டிருந்தது. ஜீரோவைச் சரிசெய்தாகிவிட்டது, அது பத்து நிமிட வேலை. ஆனால் அதற்கு முந்தைய காலிப்ரேஷன் நடந்து 92 நாள் ஆகியிருந்தது, இந்த 6 மி.மீ. அந்த 92 நாளில் எந்த நாளில் வந்து உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்படித் தெரியாமல் போனால் என்ன செய்வது என்று பல எரிவாயு ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கும்: இரண்டு காலிப்ரேஷனுக்கும் நடுவில் உள்ள காலத்தில் பாதிக்குத் திருத்தம் போடு. எங்கள் கணக்கில் 46 நாள். நான் விற்கிற பக்கம் வேலை பார்த்தேன், மீட்டர் கூடுதலாகக் காட்டியிருந்தது, எனவே வாங்கியவர்தான் வராத வாயுவுக்குப் பணம் கட்டியிருந்தார். அந்த 46 என்ற எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

6 மி.மீ. பெரிய விஷயமா என்று கேட்கலாம். எங்களுடையது ஓரிஃபிஸ் மீட்டர். அதில் குழாய்க்கு நடுவே ஓட்டை போட்ட ஒரு தட்டு இருக்கும், அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் டிபி, அந்த டிபியின் வர்க்கமூலத்தை வைத்துத்தான் ஓட்டம் கணக்காகிறது. டிபி 2000 மி.மீ. ஓடும்போது 6 மி.மீ. தப்பு என்றால் ஓட்டத்தில் 0.15 சதவீதம்தான், கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் வாங்குபவர் லோடு, அதாவது எடுக்கும் வாயுவின் அளவைக் குறைத்து டிபி 120 மி.மீ.க்கு இறங்கிவிட்டால் அதே 6 மி.மீ. கிட்டத்தட்ட 2.5 சதவீதம் ஆகிவிடும். அந்த சீசனில் லோடு அப்படித்தான் கீழே கிடந்தது. நாளுக்கு 50,000 கனமீட்டர் என்று வைத்தால் தினம் 1,200 கனமீட்டர் சும்மா பில்லில் ஏறுகிறது. குத்தாலம், கோவில்களப்பாள், வழுதூர் மாதிரி எரிவாயுவை நம்பிக் கட்டிய மின் நிலையங்களின் ஊர்க்காரர்களுக்கு, லோடு ஏறி இறங்குவது எவ்வளவு சாதாரணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று ராத்திரி சர்வரிலிருந்து 92 நாள் மணிக்கணக்குப் பதிவையும் இறக்கி பைத்தானில் போட்டேன். முதலில் தேடியது ஷட்டவுன் நேரங்களை. வால்வு மூடியிருந்தால் டிபி பூஜ்யமாக இருக்க வேண்டும், இல்லையா? ஆனால் ஓட்டத்தைக் கணக்கிட்டுப் பதியும் ஃப்ளோ கம்ப்யூட்டரில் 'லோ ஃப்ளோ கட்டாஃப்' என்று ஒன்று உண்டு, ஒரு அளவுக்குக் கீழே டிபி போனால் ஓட்டத்தைப் பூஜ்யம் என்றே எழுதிவிடும். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கச்சா டிபி பதிவைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். 19-ஆம் நாள் ஷட்டவுனில் டிபி பூஜ்யம். 41-ஆம் நாள் ஷட்டவுனில் 6. ஆக, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது.

அப்புறம் எங்கள் மீட்டரின் எண்ணை வாங்குபவரின் செக் மீட்டர் (அதே வாயுவை ஒப்பிட்டுப் பார்க்க அவர் வைத்திருக்கும் மீட்டர்) எண்ணால் மணிக்கு மணி வகுத்துப் பார்த்தேன். ஒன்றை ஒட்டியே போய்க்கொண்டிருந்த விகிதம் 25-ஆம் நாள் காலை 11 மணிக்கு 1.025-க்குத் தாவி அங்கேயே நின்றுவிட்டது. லாக் புக்கை எடுத்துப் புரட்டினால் அன்று காலை மேனிஃபோல்டில் (டிரான்ஸ்மிட்டரைக் குழாயோடு இணைக்கும் வால்வுத் தொகுப்பில்) கசிவு என்று டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இரண்டு பக்க அழுத்தத்தையும் சமமாக்கும் ஈக்வலைசர் வால்வைத் திறக்காமல் ஒரு பக்க வால்வை மட்டும் முதலில் திறந்தால் முழு லைன் அழுத்தமும் ஒரு பக்கமாக டிரான்ஸ்மிட்டரின் அளக்கும் செல்லில் இறங்கி ஜீரோ நகர்ந்துவிடும், இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆக 46 நாள் இல்லை, 67 நாள். அந்த வித்தியாசத்துக்கு மட்டும் 25,000 கனமீட்டருக்கு மேல் நாங்கள் திருப்பித் தர வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் சேர்ந்து அளவில் கையெழுத்திடும் ஜாயின்ட் டிக்கெட் மேஜையில் கிராஃபை விரித்து வைத்ததும் இரண்டு தரப்பிலும் வாக்குவாதமே எழவில்லை.

அந்த ராத்திரி கையால் செய்ததைத்தான் பிறகு தானாக ஓடும்படி எழுதினேன். வாயுக் கணக்கின் நாள் காலை 6 மணிக்கு முடிகிறது, 6.15-க்கு ஸ்கிரிப்ட் ஓடும். ஷட்டவுன் டிபி, செக் மீட்டர் விகிதம், அசையாமல் நிற்கும் எண்கள் எல்லாவற்றையும் பார்க்கும். கடைசியாகச் சொன்னது முக்கியம். வெப்பநிலை சென்சார் செத்துப்போனால் ஃப்ளோ கம்ப்யூட்டர் முன்பே போட்டு வைத்த ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடரும். வெயிலும் இரவும் மாறும்போது வாயுவின் வெப்பநிலை மட்டும் இரண்டு நாளாக ஒரே எண்ணில் நிற்காது.

ஆரம்பத்தில் தினமும் ஏகப்பட்ட எச்சரிக்கை வந்தது, யாரும் படிக்கவில்லை. லோடு மாறும்போதெல்லாம் விகிதம் கொஞ்சம் ஆடுவதுதான் காரணம். எல்லையைத் தளர்த்தலாம் என்று உட்கார்ந்தபோதுதான் அந்த ஆட்டத்திலேயே பதில் இருப்பது தெரிந்தது. விகிதத்தை டிபிக்கு எதிராக வரைந்தால், ஜீரோ தப்பு குறைந்த டிபியில் பெரிதாகவும் அதிக டிபியில் காணாமலும் போகும். தட்டின் விளிம்பு மழுங்கியிருந்தால் எல்லா லோடிலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் குறைவாகக் காட்டும். படத்தைப் பார்த்தே எந்த ஸ்பேனரோடு போக வேண்டும் என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த படம் இதுதான்.

ஒலி அலையால் ஓட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர் உள்ள இடங்களில் இன்னும் வசதி. மீட்டரே ஒலியின் வேகத்தை அளக்கிறது. வாயுவில் என்ன கலந்திருக்கிறது என்று க்ரொமட்டோகிராஃப் சொல்வதை வைத்து, அழுத்தம், வெப்பநிலையோடு சேர்த்து அதே வேகத்தைக் கணக்குப் போட்டும் எடுக்கலாம், அமெரிக்க எரிவாயு சங்கத்தின் ஏஜிஏ 10 என்ற கணக்கு முறை அதற்குத்தான். இரண்டும் விலகத் தொடங்கினால் மீட்டர், க்ரொமட்டோகிராஃப், அழுத்தம், வெப்பநிலை என்ற நான்கில் ஏதோ ஒரு கருவி தப்பு, தேதியும் நேரமும் கையில் இருக்கும்.

மெஷின் லேர்னிங் போடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் எதிர்த்தரப்பு 'ஏன்' என்று கேட்கும்போது 'மாடல் சொல்கிறது' என்று பதில் சொல்ல முடியாது, அது பணம் கைமாறும் இடம். அதே காரணத்துக்காக என் ஸ்கிரிப்ட் ஒரு எண்ணைக்கூடத் தானாகத் திருத்தாது. அது தேதியைச் சொல்லும், ஆள் போய் மீட்டரைப் பார்க்க வேண்டும், இரண்டு தரப்பும் சேர்ந்து திருத்த வேண்டும், மூலப் பதிவை யாரும் தொடக் கூடாது.

இதை எழுத உட்கார்ந்ததே ஒரு காரணத்துக்காக. சில ஃப்ளோ கம்ப்யூட்டர்களில் மணிக்கணக்குப் பதிவு 35 நாள்தான் நிற்கும், அதற்குப் பிறகு பழையதன் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். எங்களிடம் சர்வரில் பிரதி இல்லாமல் இருந்திருந்தால் அந்த 25-ஆம் நாள் என்றோ அழிந்திருக்கும். உங்கள் ஸ்டேஷனில் எத்தனை நாள் என்று இன்றைக்கே பாருங்கள், கச்சா டிபியும் அதில் சேர்ந்து பதிவாகிறதா என்றும் பாருங்கள்.