ஆயுத பூஜை ஆர்டருக்கு ஆடியிலேயே போக வேண்டும்

கையால் பரிசுப் பொருள் செய்யும் பெண்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒன்றும் இரண்டுமாக விற்றுக்கொண்டிருந்தவர்கள், நூறு இருநூறு என்று ஒரே இடத்துக்குக் கொடுக்கும் நிலைக்கு எப்படி வந்தீர்கள்? காவேரிப்பட்டணத்தில் நான்கு தையல் இயந்திரங்களோடு நாங்கள் நடத்தும் தொழில் இது. துணிப்பை, சணல் பை, சாப்பாட்டுப் பை, கைவேலை செய்த மேசை விரிப்பு என்று தைக்கிறோம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து நிறுவனங்களிடம் மொத்த ஆர்டர் வாங்கப் பழகிய விதத்தை, கேட்டவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முன்பு எங்களுக்கு வந்ததெல்லாம் கல்யாணத் தாம்பூலப் பை, வளைகாப்பு, பிறந்தநாள் ஆர்டர்கள்தான். பெயர் கிடைக்கும், மனநிறைவும் கிடைக்கும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. இயந்திரங்கள் சும்மா நிற்கும். எங்களோடு தைக்கும் பெண்களுக்கு வாரக் கூலி வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அந்த வெற்று மாதங்களை நிரப்ப வேண்டும் என்ற எண்ணமே என்னை நிறுவனங்களின் பக்கம் திருப்பியது.

நிறுவனம் என்றதும் எல்லோருக்கும் ஓசூரின் பெரிய பெயர்கள்தான் நினைவுக்கு வரும். டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அந்த அளவு நிறுவனங்களில் கொள்முதலுக்குத் தனித் துறை உண்டு, விற்பனையாளராகப் பதிய வேண்டும், பல இடங்களில் விலை கேட்டு ஒப்பிடுவார்கள். நான்கு இயந்திரம் வைத்திருப்பவர் முதலில் போக வேண்டிய இடம் அது இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பெரிய ஆலைகளை நம்பி ஓசூரில் எத்தனையோ சிறு பட்டறைகள் உதிரிபாகம் செய்கின்றன. அவர்களுக்கென்று ‘ஹோஸ்டியா’ என்று ஒரு சங்கமே இருக்கிறது. முப்பது பேர், அறுபது பேர், நூற்றைம்பது பேர் வேலை செய்யும் இடங்கள் அவை. அங்கே முதலாளியே காசோலையில் கையெழுத்துப் போடுகிறார். முடிவு ஒரே நாளில்கூட வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனித்தேன். இப்படிப்பட்ட இடங்களில் பரிசு வாங்குவதற்கென்று யாரும் கிடையாது. அந்த வேலை கடைசியில் கணக்குப் பார்க்கும் பெண்ணின் தலையிலோ சூப்பர்வைசரின் தலையிலோ விழுகிறது. தன் வழக்கமான வேலைக்கு நடுவே அவர் கடை கடையாக விலை கேட்க வேண்டும், எண்ணி வாங்க வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும், ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பேச்சு வாங்குபவர் அவர்தான். நான் பொருளை விற்கப் போவதாக நினைப்பதை விட்டுவிட்டு, அவருடைய பாரத்தை இறக்கிவைக்கப் போவதாக நினைத்துப் போன பிறகுதான் கதவுகள் திறந்தன.

எப்போது போவது என்பது அடுத்த கேள்வி. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் தீபாவளிக்குப் பணம், ஆயுத பூஜைக்குப் பொருள் என்பது வழக்கம். தீபாவளியில் போனஸ் கணக்கு முதலாளியின் மனதை முழுக்கப் பிடித்துக்கொள்கிறது. அப்போது பரிசுப் பொருள் பற்றிப் பேசினால் காது கொடுக்க மாட்டார். ஆயுத பூஜை அப்படியில்லை. அன்று இயந்திரங்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, தொழிலாளர்களைக் குடும்பத்தோடு வரச்சொல்லும் இடங்கள் உண்டு. கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்ற ஆசை முதலாளிக்கே இருக்கும். பண்டிகை பெரும்பாலும் அக்டோபரில் வருகிறது. ஆவணி பிறந்துவிட்டால் எவர்சில்வர் பாத்திரக் கடைக்காரரும் பிளாஸ்க் விற்பவரும் முந்திக்கொள்வார்கள். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். நான் ஆடியில்தான் போகிறேன். அந்த மாதம் யாரும் வருவதில்லை. கணக்கு அக்காவுக்கும் உட்காரவைத்துப் பேச நேரம் இருக்கிறது. தைக்க எங்களுக்கும் முழுதாக இரண்டு மாதம் கிடைக்கிறது.

எந்தப் பொருள் என்பதை என் கொழுந்தனார்தான் தெரியாமலே காட்டிக்கொடுத்தார். அவர் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். பூஜையன்று மாலை அவர் கொண்டுவருவது அரைக் கிலோ இனிப்புப் பெட்டி, ஒரு பொட்டலம் பொரி கடலை, வாழைப்பழம், தேங்காய் மூடி. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தக் கவர்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. அப்படியிருக்க, பூஜைப் பிரசாதத்தையே சுமந்துபோகும் பை பரிசாகவும் இருந்தால் என்ன என்று தோன்றியது. மறுநாள் முதல் அதுவே சாப்பாட்டுப் பை.

அந்தப் பையை வடிவமைக்க நான் இனிப்புப் பெட்டியைத்தான் முதலில் அளந்தேன். பெட்டி அடியில் படுக்கை வாட்டில் சாயாமல் உட்கார வேண்டும். அதன்மேல் பொரிப் பொட்டலம் நசுங்காமல் நிற்க வேண்டும். அதே அடிப்பாகத்தில் மூன்றடுக்கு டிபன் கேரியரும் நிற்க வேண்டும். பக்கவாட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பை. கைப்பிடி நாடாவை மேல் ஓரத்தோடு நிறுத்தாமல் அடிவரை ஓட்டித் தைத்தோம். சுமை தையலில் விழாமல் நாடாவில் விழும். நாடா முடியும் இடத்தில் சதுரமாக ஓட்டி நடுவே குறுக்குத் தையல். துணி கெட்டியான கேன்வாஸ், நிறம் அடர் நீலம் அல்லது சாம்பல். பட்டறையில் கையில் எண்ணெய்க் கறை இருக்கும், வெளிர்நிறம் ஒரு வாரம் தாங்காது. நிறுவனத்தின் பெயரை முகப்பில் பெரிதாகப் போடாமல் உள்மடிப்பில் சிறிதாக அச்சிட்டோம். விளம்பரப் பையை யாரும் பாசத்தோடு தூக்குவதில்லை என்பது என் கருத்து. முகப்பில் கையால் போட்ட ஒரு சின்ன மாம்பழக் கொத்துக் கைவேலை மட்டும்.

மாதிரிப் பையை வெறுமையாகக் கொண்டுபோகவில்லை. உள்ளே நிஜமாகவே ஒரு இனிப்புப் பெட்டி, பொரி, எங்கள் ஊர் நிப்பட்டு ஒரு பொட்டலம் வைத்துக் கணக்கு அக்காவின் மேசையில் வைத்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டது விலையை அல்ல.

“அறுபத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தால் நான் எப்போது பிரித்து அடுக்குவது?”

“ஒரு வாரம் முன்பே வரும், அக்கா. பிரிவு வாரியாகக் கட்டிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு கட்டிலும் பெயர்ப் பட்டியல் இருக்கும், பக்கத்தில் கையெழுத்துக்கு இடமும் இருக்கும். நீங்கள் கட்டை எடுத்து சூப்பர்வைசர் கையில் கொடுத்தால் போதும்.”

அதற்குப் பிறகு அவரே எழுந்து முதலாளியின் அறைக்குள் பையைக் கொண்டுபோனார். என்னைவிட நன்றாக அவர் பேசினார்.

வாயால் சொன்ன விலை எந்த அலுவலகத்திலும் நிற்காது. அன்றே ஒரு பக்க விலைப்பட்டியல் கொடுத்துவிட வேண்டும். பொருளின் அளவு, துணி, நிறம், ஐம்பது வரை ஒரு விலை, அதற்கு மேல் ஒரு விலை, விலை எந்தத் தேதிவரை செல்லும், வண்டிக்கூலி யாருடையது, முன்பணம் பாதி, மீதி எப்போது, எந்தத் தேதியில் சரக்கு வந்து சேரும் என எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆர்டர் உறுதியானதும் ஒப்புக்கொண்ட மாதிரியின் உள்பக்கத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டு அவர்களிடமே ஒன்றை விட்டுவைக்கிறேன். பின்னால் நிறம் வேறு, அளவு வேறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

விலை பேசாத முதலாளி இல்லை. எங்கள் பைக்கு அடக்கம் இப்படி வந்தது: துணி 48 ரூபாய், உள் துணி 16, நாடா 14, ஜிப் 9, அச்சு 8, தையல் கூலி 35, வெட்டும் கூலியும் மின்சாரமும் 8, கட்டும் செலவு 7. மொத்தம் 145. நாங்கள் கேட்டது 185. அவர் 160 என்றார். இந்த இடத்தில்தான் பலர் கூலியில் கை வைக்கிறார்கள். நான் வைப்பதில்லை. பொருளில் ஒன்றை எடுத்துவிட்டு விலையைக் குறைக்கிறேன். உள் துணியை நீக்கி, அதற்குப் பதில் தையல் ஓரங்களுக்குப் பட்டி கட்டித் தருகிறேன் என்றேன். பட்டிக்கும் ஐந்து ரூபாய் ஆகிறது என்று கணக்கைக் காட்டி 170க்கு முடித்தோம். கணக்கைத் திறந்து காட்டியபோது அவர் மேற்கொண்டு பேசவில்லை. அவரும் உதிரிபாகத்துக்கு இதே மாதிரிக் கணக்கைப் பெரிய ஆலையிடம் காட்டி விலை கேட்பவர்தானே.

ஜிஎஸ்டி எண் இல்லாமல் நிறுவனங்களிடம் போக முடியாது என்று பலர் பயமுறுத்தினார்கள். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் வரி வசூலிக்கவும் கூடாது. எங்கள் ஆடிட்டர் இன்னொன்றையும் சொன்னார்: பரிசாக இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்கு நிறுவனம் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்கவே முடியாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. ஆகவே நம்மிடம் வாங்குவதால் அவர்களுக்கு அந்த வகையில் நட்டமில்லை. இதைப் பணிவாக எடுத்துச் சொன்னபோது சில கணக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். சிலர் பதிவு பெற்றவரிடம் மட்டுமே வாங்குவோம் என்று உறுதியாக நின்றார்கள். எல்லை தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளிப் பக்கம் விற்கும் எண்ணம் வந்தபோது நாங்களும் பதிவு எடுத்துவிட்டோம்.

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை மட்டும் முதல் நாளே செய்துகொள்ளுங்கள். 2020 ஜூலை முதல் இருக்கிறது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் இல்லை. அதற்குப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். வணிகம் என்று பதியாமல் உற்பத்தி என்று பதிவது முக்கியம்; காரணம் கீழே வருகிறது.

தைக்கும் வேலை எங்களுக்குத் தெரிந்த வேலை, அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துணியை ஒரே சாயத் தொகுப்பில் மொத்தமாக வாங்கிவிடுகிறோம். பாதியில் வாங்கினால் நீலம் வேறு நீலமாக வரும். ஆர்டர் எண்ணிக்கைக்கு மேல் சில பைகள் தைத்து வைக்கிறோம். புதிதாகச் சேர்ந்த ஆள், விருந்தாளி, பெயர் விட்டுப்போன காவலாளி என்று கடைசி நாளில் யாராவது வருவார்கள். ஓசூர்ப் பட்டறைகளில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசுபவர்கள், வடமாநிலத்துப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலை அவர்கள் எழுதிக் கொடுத்தபடியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறோம். தன் பெயரைச் சரியாகப் பார்ப்பதில் ஒரு தொழிலாளிக்கு இருக்கும் மகிழ்ச்சியை அந்தப் பூஜையில் நேரில் பார்த்தேன்.

சரக்கு இறக்கியதும் டெலிவரி சலானில் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்புவதில்லை. பணம் வராதபோது அந்தத் தேதிதான் பேசும். ஒரு நிறுவனம் மீதிப் பணத்தை ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று இழுத்தது. கூலி கொடுக்கக் கையில் இல்லாமல் நகையை அடகு வைத்தேன். அந்த மாதம் எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. அப்போது ஆடிட்டர் வழிகாட்டினார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. அதோடு, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் ஆண்டு வரும்வரை நிறுவனம் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. இந்தப் பாதுகாப்பு வணிகம் மட்டும் செய்பவருக்குப் பொருந்தாது. உற்பத்தி என்று பதியச் சொன்னது இதனால்தான். உத்யம் எண்ணையும் சலான் தேதியையும் குறிப்பிட்டு, ஒரு கடுஞ்சொல்லும் இல்லாமல் ஒரு கடிதம் அனுப்பினேன். அவர்களுடைய ஆடிட்டர் அதைப் படித்திருக்க வேண்டும். மார்ச் முடிவதற்குள் முழுப்பணமும் வங்கியில் ஏறியது. இப்போது உத்யம் எண்ணை எல்லா பில்லிலும் மேலேயே அச்சிடுகிறேன்.

எங்களால் முடியாத அளவை ஏற்பதில்லை என்பதிலும் பிடிவாதமாக இருக்கிறேன். ஓர் இடத்தில் எண்ணூறு பை, மூன்று வாரம் என்று கேட்டார்கள். முந்நூறு எங்களால் முடியும், மீதிக்கு வேலூர்ப் பக்கத்துத் தையல் குழு ஒன்றைச் சொல்கிறேன் என்றேன். முந்நூறுதான் வந்தது, ஆனால் அடுத்த ஆண்டு அவர்கள் ஆனியிலேயே அழைத்துவிட்டார்கள்.

மற்ற இடங்களுக்கும் இதே கணக்குதான், மாதம் மட்டும் மாறும். பள்ளிகளின் ஆண்டு விழாவுக்கு நவம்பரில் போக வேண்டும். பர்கூர் ஜவுளிக் கடைகளுக்குப் பொங்கல் சரக்கு இறங்கும் முன். மாங்கூழ் ஆலைகளுக்கு மட்டும் மே, ஜூன், ஜூலையில் போகவே கூடாது. லாரி வரிசையில் நிற்கும்போது நம்மைப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்? சீசன் ஓய்ந்த பிறகு போய், காய் நறுக்க வரும் பெண்களுக்கு ஏதாவது கொடுத்தனுப்பும் எண்ணம் உண்டா என்று ஓர் ஆலையின் மேலாளரிடம் கேட்டேன். இதுவரை கொடுத்ததில்லை, யோசிக்கலாம் என்றார். அடுத்த சீசன் முடிவில் கொடுப்பதற்காக, தோளில் மாட்டும் சணல் பை ஒன்றின் மாதிரியைக் கேட்டிருக்கிறார். இப்போது அதைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.