கல்லோடன் வெளியும் 1746ஆம் ஆண்டும்

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகருக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் கல்லோடன் வெளியில், ஹெதர் புதர்களுக்கு மேலே இரண்டு வரிசைக் கொடிகள் காற்றில் படபடக்கின்றன. பிரிட்டன் அரியணையை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அதை மீட்டுத் தரத் திரண்ட ஜாகோபைட் படை நின்ற இடத்தை நீலக் கொடிகளும், இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகன் கம்பர்லாந்து கோமகன் நடத்திவந்த அரசுப் படையின் வரிசையைச் சிவப்புக் கொடிகளும் காட்டுகின்றன. 1746 ஏப்ரல் 16 அன்று இவ்விரு வரிசைகளுக்கும் இடையே நடந்த போர் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை.

நீலத்திலிருந்து சிவப்பை நோக்கி நடந்தேன். மண் காலடியில் அமுங்கியது. ஈரம் காலணிக்குள் ஏறியது. வாளை ஓங்கியபடி ஒரே மூச்சில் ஓடிச் சென்று மோதுவதே மலைநாட்டு வீரர்களின் போர்முறை என்பதால், அவர்களுக்கு வேண்டியது இறுகிய தரை. இந்தச் சதுப்பில் அவர்களின் ஓட்டம் தளர, பீரங்கிகள் அவர்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தன. முந்தைய இரவு நெய்ர்னில் இருந்த எதிரி முகாமைத் தாக்கக் கிளம்பி, விடியல் நெருங்கிவிட்டதால் வழியிலேயே திரும்பிய படை அது. ஜாகோபைட் தளபதி ஜார்ஜ் மர்ரே பிரபு இந்த இடம் வேண்டாம் என்று எதிர்த்தும், பசியோடும் உறக்கமின்றியும் வந்தவர்களை இங்கே நிறுத்திய ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் எட்வர்டை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜனவரியில் ஃபால்கர்க்கில் வென்ற படையில் இங்கே 1,500 முதல் 2,000 பேர் வரை மாண்டனர் அல்லது காயமுற்றனர். அரசுப் படையில் இறந்தவர்கள் சுமார் 50 பேர்.

பாதையோரம் குலப்பெயர்கள் பொறித்த கற்கள் நிற்கின்றன, 1881இல் நாட்டப்பட்டவை. 'கலந்த குலத்தார்' என்று மட்டும் பொறித்த கல்லின் முன்புதான் நான் அதிக நேரம் நின்றேன். இதை இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த போர் என்று பலரும் சொல்வது தவறு. கேம்ப்பெல் குலத்தார் உள்ளிட்ட ஸ்காட்லாந்தியர் சிவப்புக் கொடிகளின் பக்கமும் நின்றார்கள்; நீலத்தின் பக்கம் பிரெஞ்சு அரசின் படையில் பணியாற்றிய ஐரிஷ் வீரர்களும் இருந்தார்கள்.

களத்தில் காயத்தோடு கிடந்தவர்களையும் அரசுப் படை கொன்ற பிறகு, மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளில் வீடுகள் எரிக்கப்பட்டன. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. சார்லஸின் தலைக்கு அரசு 30,000 பவுண்டு அறிவித்திருந்தது. ஜூன் மாதத்தில் ஃப்ளோரா மெக்டொனால்ட் என்ற இளம்பெண் அவருக்குப் பணிப்பெண் வேடமிட்டுப் படகில் ஸ்கை தீவுக்கு அழைத்துச் சென்றார். செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பல் ஏறும்வரை அவரை மறைத்துக் காத்த ஏழை மக்கள் அந்தப் பணத்துக்கு ஆசைப்படவில்லை.

தண்டனையைச் சுமந்ததும் அந்த மக்களே. அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மலைநாட்டாரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்ததோடு, ஆண்களும் சிறுவர்களும் இடுப்பில் சுற்றும் கில்ட் உள்ளிட்ட மலைநாட்டு உடை அணிவதையும் தடுத்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். மன்னரின் படையில் பணியாற்றியவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்த உடைத் தடை 1782இல்தான் நீங்கியது.