போட்டோ ஏறுச்சா?

2023-இல் எங்கள் ஊராட்சியில் 100 நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராகச் சேர்ந்தேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். ஏரி வரத்து வாய்க்கால் தூர்வாரும் வேலை. சேரும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஆண்ட்ராய்டு போன் இருக்கா? ரீசார்ஜ் உன் செலவுதான், பரவாயில்லையா?" சரி என்றேன்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த அக்காவிடம் இருந்தது பட்டன் போன். பத்தாவது படித்தவர். ஒரு குழியைப் பார்த்தவுடன் நீளம், அகலம், ஆழம் சொல்லிவிடுவார். டேப்பை வைத்து அளந்தால் அதிகம் மாறாது. யாருக்கு முட்டி வலி, யாரை மண் சுமக்க விடக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல், தனிநபர் பணிகளைத் தவிர மற்ற எல்லாப் பணித்தளங்களிலும் என்.எம்.எம்.எஸ். என்ற கைபேசி வருகைப்பதிவுச் செயலியில்தான் வருகை பதிய வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. அக்கா மண் கூடையைத் தூக்க வந்துவிட்டார், என்னுடைய தளத்திலேயே. அவர் இடத்தில் நான் நிற்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

காலையில் ஒரு போட்டோ, நாலு மணி நேரம் கழித்து இன்னொன்று. நேரமும் இடமும் அதில் பதியும். எங்கள் வாய்க்காலில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். நெட் இல்லாமலும் படம் எடுக்கலாம், ஆனால் பிறகு ஏற்றியாக வேண்டும். நான் கரையேறி, புளியமரம் வரை நடந்து, போனைத் தூக்கிப் பிடித்து நிற்பேன். கீழேயிருந்து ஆயாக்கள் குரல் கொடுப்பார்கள்: "பாப்பா, போட்டோ ஏறுச்சா?"

அந்த ஐப்பசியில் ஒரு நாள் ஏறவில்லை. மதியம் மழை பிடித்துக்கொண்டது, செயலி சுற்றிக்கொண்டே இருந்தது, அப்புறம் போனே அணைந்துவிட்டது. 38 பேர் வேலை செய்த நாள். அன்றைக்கு உச்சக் கூலி 294 ரூபாய். மறுநாள் அலுவலகத்தில் கேட்டபோது, "சிஸ்டத்தில் இல்லாததை எப்படிம்மா போடுறது?" என்றார்கள். விதிவிலக்கு கொடுக்க மாவட்ட அளவில் வழி உண்டு என்று எனக்குத் தெரியவந்தபோது வாரம் முடிந்து என்.எம்.ஆர். என்ற வருகைப் பட்டியலை மூடியிருந்தார்கள்.

முறைகேடு நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. வராதவர் பெயரில் கூலி எடுத்ததை ஊரே பார்த்திருக்கிறது. ஆனால் செயலி அதைத் தடுத்ததா? போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சித் துறையே சுற்றறிக்கை விட்டது. ஏமாற்றத் தெரிந்தவர் வழி கண்டுபிடித்துவிட்டார், மழையில் நனைந்தவர்தான் மாட்டினார். 100 நாள் வேலைக்கான 2005 சட்டத்தின் 17-வது பிரிவு, கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. சபையில் பெயர்ப்பட்டியலை உரக்கப் படித்தால் போதும், யார் வந்தார், யார் வரவில்லை என்று பத்து பேர் எழுந்து சொல்லிவிடுவார்கள். அதற்கு டவர் வேண்டாம்.

டெல்லி ஜந்தர் மந்தரில் 2023 பிப்ரவரியிலிருந்து தொழிலாளர்கள் இந்தச் செயலிக்கும் ஆதார் வழிச் சம்பளத்துக்கும் எதிராக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு தேர்தலுக்கு எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் வேலை நாட்களைக் கூட்டுவோம், கூலியைக் கூட்டுவோம் என்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த நாள் எப்படிக் கணக்கில் ஏறும் என்று ஒருவரும் பேசவில்லை. நான் கேட்டேன்; "பார்க்கிறோம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். ஊராட்சிகளுக்கு பைபர் இழுக்கும் பாரத்நெட் திட்டம் 2011-இல் தொடங்கியது. அந்தக் கம்பி ஊராட்சி அலுவலகம் வரைதான் வரும். வேலை நடப்பது ஏரியில்.

அக்கா பழக்கம் விடாமல் தினமும் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. மழை பெய்த அந்தத் தேதியும் இருந்தது, 38 பெயரும், யார் எந்தக் குழி என்பதும். அடுத்த கிராம சபையில் அந்த ஒரு நாள் கூலியைக் கேட்டு மனு கொடுத்தோம். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அதோடு இணைத்தோம். அக்காதான் எழுந்து நின்று பெயர்களைப் படித்தார்.