யாகியாவை நெருக்க வேண்டாம்

ஜனநாயக நாடுகள் வெளியூர் சர்வாதிகாரிகளுக்கு ஏன் முட்டுக் கொடுக்கின்றன என்று கேட்டால் எண்ணெய், கம்யூனிச பயம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு 1971 தான் ஞாபகம் வரும். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் கட்சி அள்ளியது. மொத்த நாட்டுக்கும் அதுதான் பெரும்பான்மை. ராணுவ ஆட்சியாளர் யாகியா கான் நாற்காலியைக் கொடுக்கவில்லை. மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவத்தை இறக்கினார், பல்கலைக்கழக விடுதிகளுக்குள் புகுந்து மாணவர்களைச் சுட்டார்கள்.

அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டின் அலுவலகத்திலிருந்து ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனுக்கு ஒரு தந்தி போனது. ஜனநாயகம் நசுக்கப்படுவதைக் கண்டிக்க நம் அரசு தவறிவிட்டது என்று 20 அமெரிக்க அதிகாரிகள் தங்கள் பெயரையே போட்டு எழுதியிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் அமெரிக்க அதிபர் நிக்சன் ஒரு குறிப்பின் அடியில் தன் கையால் எழுதினார்: இப்போதைக்கு யாகியாவை நெருக்க வேண்டாம். அந்த ‘வேண்டாம்’ என்பதற்குக் கீழே மூன்று கோடு. பிளட்டை டாக்காவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

காரணம் ஜூலையில் தெரிந்தது. பாகிஸ்தான் போன நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர், வயிற்று வலி, மலையில் ஓய்வெடுக்கிறார் என்று வெளியே சொல்லிவிட்டு சீனாவோடு உறவு தொடங்க, பாகிஸ்தான் விமானத்தில் ரகசியமாக பீஜிங் போய் வந்தார். அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் யாகியா. சீனாவுக்குத் தூது போக நிக்சன் முயன்ற இன்னொரு வழி ருமேனியாவின் செளசெஸ்கு, அவரும் சர்வாதிகாரிதான். எதிர்க்கட்சியும் பத்திரிகையும் கேள்வி கேட்கிற நாட்டில் இப்படி ஒரு ரகசியத்தைக் காப்பது கஷ்டம், ஒரே ஆள் ஆளும் நாட்டில் அவரைப் பிடித்தால் போதும். சரி, அந்த மாணவர்கள்? அவர்களுக்கு அமெரிக்காவில் ஓட்டு இல்லை. ஓட்டுப் போடுகிறவனுக்குத்தான் அரசு பயப்படும், அது எவ்வளவு பெரிய ஜனநாயகமாக இருந்தாலும். சுமார் 1 கோடி அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்த பிறகும் நிக்சன் அசையவில்லை.

நம் நாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மியான்மர் எல்லையில் வடகிழக்குக் கிளர்ச்சியாளர்களை அடக்க அந்த ராணுவத்தின் உதவி தேவை, எரிவாயு வேண்டும், சீனா முந்திவிடக் கூடாது. 2010 ஜூலையில் அந்த நாட்டு ராணுவ ஆட்சியாளர் தான் ஷ்வேயை டெல்லி அரசு மரியாதையோடு வரவேற்றது. அவர் ராஜ்காட் போய் காந்தி சமாதியில் மலரஞ்சலி செலுத்தினார். அன்றைக்கு மியான்மரின் ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூச்சி யாங்கூனில் வீட்டுச் சிறையில் இருந்தார்.