சிவப்புப் பட்டையில் ஒரு சொல்

திருப்பூரில் ஒரு தொழிற்சங்க அறை. மேசைமேல் விரித்துவைத்த போஸ்டர் மாதிரியைச் சங்கத்து அம்மா ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம். குறுக்கே சிவப்புப் பட்டை. பட்டையில் வெள்ளை எழுத்தில், ‘உன் நேரம் யாருடையது?’ கட்டாய ஓவர்டைமை எதிர்த்து ஒட்டப்போகிற போஸ்டர். காசு வாங்காமல் செய்துகொடுத்தேன் என்பதால் பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

“தம்பி, எங்களை ‘உன்’ என்று கூப்பிடுவது யார்? லைனில் சூப்பர்வைசர்தான் இப்படிக் கூப்பிடுவார்” என்றார்.

அந்தப் பாணி என்னுடையதல்ல. அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகருடையது. பழைய இதழ்களிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்மீது, ஃப்யூச்சுரா என்ற எழுத்துருவின் சாய்ந்த தடித்த எழுத்தில் வாசகம் வைப்பவர். அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காரணம், அவரும் எங்கள் ஆள். 1960களில் நியூயார்க்கில் ‘மத்மாசெல்’ என்ற பெண்கள் இதழில் பக்க வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். வார இதழ் ஒன்றில் லே-அவுட் பழகிய காலத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் கற்றுக்கொடுத்ததும் அந்த வித்தைதான்: படத்தில் கண் போய் நிற்கிற இடம் எது, அங்கே எழுத்து எப்படிக் குறுக்கிட வேண்டும். நாங்கள் அதை வைத்துச் சேலையும் ஜோதிடமும் விற்றோம். குரூகர் அதே வித்தையை விற்பனைக்கு எதிராகவே திருப்பிவிட்டார்.

1989இல் கருக்கலைப்பு உரிமைக்காக வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணிக்கு அவர் செய்த போஸ்டர் உலகறிந்தது. ஒரு பெண்ணின் முகம் நடுவில் பிளந்திருக்கும். ஒரு பாதி பாசிட்டிவ், மறுபாதி நெகட்டிவ். ஃபிலிமைக் கையில் பிடித்து வேலை செய்தவர்களுக்கு அந்தப் பிளவைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்யும். முகத்தின்மீது ‘உன் உடல் ஒரு போர்க்களம்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம்.

‘உன்’ என்றுதான் எழுதினேன், பாருங்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. ஒருமை பன்மை கூடத் தெரியாது. படிப்பவர் தன்னையா எதிராளியையா சொல்கிறது என்று தடுமாறுவார். குரூகருக்கு வேண்டியது அந்தத் தடுமாற்றம்தான். தமிழில் வாயைத் திறந்தாலே யார் மேலே, யார் கீழே என்று தெரிந்துவிடுகிறது. 1987இல் அவர் செய்த இன்னொரு படத்தில் சிறுவன் கையை மடக்கிப் புஜத்தைக் காட்ட, சிறுமி வியந்து விரல் நீட்டுகிறாள். இன்னொரு நாயகன் வேண்டாம் என்கிறது வாசகம். யாருக்கு வேண்டாம்? ‘நமக்கு’ என்றால் பையனையும் சேர்த்துக்கொள்கிறோம். ‘எங்களுக்கு’ என்றால் அவனைப் பார்த்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது.

சங்க அறையில் அன்று அரை மணி நேரம் இதே வழக்குதான். ‘உங்கள்’ என்றால் ரேஷன் கடை அறிவிப்பு போல இருக்கிறது என்றாள் ஓர் இளம்பெண். அவள் சொன்னது சரி. அந்த அம்மா கடைசியில் கேட்டது என் தொழில் சார்ந்த கேள்வி. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. “எங்கே ஒட்டப்போகிறோம்?”

பஸ் நிறுத்தத்தில் என்றால் ‘நம் நேரம்’. கம்பெனி கேட்டுக்கு எதிர்ச்சுவரில் என்றால் ‘எங்கள் நேரம்’. எழுத்தின் சாய்வையும் எடுத்துவிட்டேன். தமிழ் எழுத்தின் வளைவுகள் சாய்ந்தால் வழுக்கி விழுவது போலத் தெரிகிறது.

அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளேட், அதாவது அச்சுத் தகடு. படம் கறுப்பு பிளேட்டில், பட்டையும் அதில் வெள்ளையாக விடும் எழுத்தும் சிவப்பு பிளேட்டில். அதனால் சிவப்பை மட்டும் இரண்டாகப் போட வேண்டியிருந்தது. “ஒரு வார்த்தைக்காக ஒரு பிளேட்டா?” என்று அச்சகத்துக்காரர் முனகினார். அந்தச் செலவை மட்டும் சங்கத்திடம் சொல்லாமல் நானே கொடுத்தேன்.