கடலூரில் ஒரு சன்ரூம்: இரண்டு முறை கட்டிய கதை

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். வாசல் மேற்குப் பார்த்தது, பின்பக்கம் கிழக்கு. பின்கதவைத் திறந்தால் 16 அடி நீளம், 14 அடி அகலத்தில் ஒரு சிமெண்டுத் தளம். வீட்டு வரைபடத்தில் 'பாட்டியோ' (patio) என்று போட்டிருந்தது. எங்களுக்கு அது பின்தளம்தான். அம்மாவின் நந்தியாவட்டையும் பவளமல்லியும் அதை ஒட்டி இருக்கின்றன.

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு மாடிக்குப் போவது நின்றுவிட்டது. செடிகளைப் பார்த்தபடி உட்கார அவருக்கு அந்த ஒரு இடம்தான். ஆனால் ஆறு மணிக்கு மேல் கொசு உட்கார விடாது. ஐப்பசி, கார்த்திகையில் சாரல். கண்ணாடி போட்டு அந்த இடத்தை ஒரு அறையாக்கிவிடலாம் என்று 2022 தொடக்கத்தில் முடிவு செய்தோம்.

முதல் முறை நாங்கள் செய்தது முழுக்கத் தவறு. ஒப்பந்தக்காரர் வெளிநாட்டுப் படங்களைக் காட்டினார். மேலே ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட், மூன்று பக்கமும் அசையாத கண்ணாடி, ஓரத்தில் இரண்டு சின்ன ஜன்னல். வேலை மார்ச்சில் முடிந்தது. பார்க்க அவ்வளவு அழகு! ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் மதியம் உள்ளே வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். வெளியே 36 டிகிரி, உள்ளே 44. பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியைத் தொட முடியவில்லை. அம்மா தொட்டியில் வைத்திருந்த மணி பிளான்ட் இலைகள் ஓரம் கருகி, அப்பளம் போல் நொறுங்கின. இரண்டு மாதம் அந்தக் கதவை நாங்கள் திறக்கவே இல்லை.

காரணத்தைப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். குளிர் நாட்டில் சன்ரூம் என்றால் வெயிலைப் பிடித்து வைக்கும் அறை. கண்ணாடி வழியே வெயில் உள்ளே வரும், தரையும் சுவரும் சூடாகும், அந்தச் சூடு வெளியேற வழி இருக்காது. அங்கே அதுதான் தேவை. கடலூரில் ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். அதிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் வெயில் சற்று வடக்குப் பக்கமாகத்தான் விழும். ஆக, கோடை முழுவதும் வெயில் இறங்குவது கூரை மேல். அந்தக் கூரையைத்தான் நாங்கள் ஒளி ஊடுருவும்படி போட்டிருந்தோம்.

கழற்றிவிட்டு மறுபடி கட்டலாம் என்று முடிவெடுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பணமும் சேர வேண்டும், மனமும் ஆற வேண்டும். இந்த முறை முதலில் ஒரு பொறியாளரிடம் போனேன். அவர் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டுச் சொன்ன முதல் விஷயம், "சார், நீங்கள் செட்பேக்கில் கட்டியிருக்கிறீர்கள்." மதில் ஓரம் திறந்தவெளியாக விட வேண்டிய இடத்தையும் சேர்த்துக் கூரை போட்டிருந்தோம். கூரை போட்டு அடைத்துவிட்டால் அது கட்டடப் பரப்பில் சேரும், அனுமதி வாங்கியே ஆக வேண்டும். 14 அடியை 9 அடியாகக் குறைத்து, வரைபடம் போட்டு, தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி விண்ணப்பித்து வாங்கினோம். கடலோரத்தில் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை. கடல் தூரமாக இருந்தாலும் அலையேற்றம் எட்டும் ஆறு, கழிமுக ஓரங்களுக்கும் அந்த விதி உண்டு. கெடிலம் ஆற்றுப் பக்கம் வீடு இருப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் மனை இந்த இரண்டு எல்லைக்கும் வெளியே இருந்தது.

அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. எங்கள் ஊரில் நல்ல காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கோடையில் நண்பகல் தாண்டிக் கடற்காற்று எழும்பியதும் ஊரே மூச்சு விடும். மேற்கிலிருந்து வீசும் காற்று பலமாக இருக்கும் நாளில் அது தாமதமாகும், அன்றைக்கு வெந்துவிடுவோம். அதே கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும்தான் ஐப்பசி மழையும் அடிக்கிறது. உப்பும் அந்த வழியாகத்தான் வருகிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புகுந்ததும் அந்தப் பக்கம்தான். அன்று பின்பக்க ஜன்னல் இரண்டு பிடுங்கிக்கொண்டு போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. காற்றுக்குத் திறக்க வேண்டிய பக்கத்தையே மழைக்கும் புயலுக்கும் மூட வேண்டும். இரண்டாவது முறை நாங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவும் இதைச் சுற்றித்தான்.

கூரைக்கு 50 மில்லிமீட்டர் பஃப் பேனல், அதாவது இரண்டு தகடுகளுக்கு நடுவே வெப்பம் தடுக்கும் நுரை வைத்த பலகை, மேல்பக்கம் வெள்ளை. வீட்டுச் சுவரில் உயரமாகத் தொடங்கி கிழக்கே சரிகிறது. சூடான காற்று மேலேறி வீட்டுச் சுவரோரம்தான் தேங்கும், அதனால் அந்த உச்சியில் வடக்கிலும் தெற்கிலும் முக்கோண வெண்டிலேட்டர் வைத்தோம். கொசுவலை உண்டு, கண்ணாடி கிடையாது, மழை புகாதபடி சாய்வுப் பட்டைகள் மட்டும். இறவாரத்தை மூன்றடி வெளியே இழுத்தோம், அதுவும் அனுமதித்த அளவுக்குள். புயலில் கூரையைக் காற்று அழுத்துவதைவிட மேலே இழுப்பதுதான் அதிகம். கிழக்குக் கடற்கரையில் விநாடிக்கு 50 மீட்டர் காற்று வேகத்துக்கு வடிவமைக்க வேண்டும் என்று பொறியாளர் சொன்னார், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஓரங்களிலும் மூலைகளிலும் ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போடச் சொன்னது அதற்காகத்தான்.

கிழக்கில் ஒன்றரை அடி செங்கல் சுவர். அதற்கு மேல் மூன்று தடம் உள்ள ஸ்லைடிங் ஜன்னல், இரண்டு தடம் கண்ணாடிக்கும் ஒன்று கொசுவலைக்கும். 8 மில்லிமீட்டர் டஃபண்டு கண்ணாடி. இங்கேதான் மூன்று வாரம் போனது. டஃபண்டு கண்ணாடியைச் சூடாக்கிப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, மீறினால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். சட்டம் பொருத்துவதற்கு முன்பே அளவு கொடுத்துவிட்டார்கள். வந்த நான்கில் இரண்டு 10 மில்லிமீட்டர் பெரிசு. அந்த இரண்டையும் புதிதாகச் செய்துதான் ஆக வேண்டியிருந்தது. சட்டம் சுவரில் ஏறி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகு கண்ணாடிக்கு அளவெடுக்கச் சொல்லுங்கள்.

கறுப்புக் கண்ணாடி போட்டால் குளிர்ச்சி என்று பலர் சொன்னார்கள். வெறும் டின்ட் கண்ணாடி வெயிலை உறிஞ்சித் தானே சூடாகி, அதில் ஒரு பங்கை உள்ளேயே தள்ளும். உள்ளே திரை போட்டாலும் அதே கதைதான், வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. நாங்கள் சாதாரணத் தெளிந்த கண்ணாடி போட்டு, இறவாரத்துக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். காலை 7 முதல் 11 வரை கிழக்கு வெயிலுக்குத் தட்டி இறங்கியிருக்கும். பிறகு இறவாரத்தின் நிழலே விழுந்துவிடும், நண்பகலுக்குப் பின் வீட்டின் நிழலும் சேரும், தட்டியைச் சுருட்டிவிட்டுக் கண்ணாடியை முழுக்கத் திறந்துவிடுவோம்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய அறையைக் கழற்றியபோது ஒரு அலுமினியச் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஸ்க்ரூ தலையைச் சுற்றி வெள்ளையாக மாவு பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, அடியில் அலுமினியம் குழிகுழியாக அரித்திருந்தது. சாதாரண இரும்பு ஸ்க்ரூவும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். இரண்டே வருடத்தில் அந்த நிலை. இந்த முறை எல்லாமே 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு, அடியில் நைலான் வாஷர். 304 ரகம் விலை குறைவு, ஆனால் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விழும். பஃப் பேனலை வெட்டிய ஓரங்களில் பூச்சுக்கு அடியில் இருக்கும் இரும்பு தெரியும், அதையும் விடாமல் அடைத்தோம். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் சட்டங்களைக் கழுவுகிறேன்.

தரைக்கு ரெட் ஆக்சைடு. வாட்டத்தை வெளிப்பக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் மூன்று முறை சொல்லி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தே ஒப்புக்கொண்டேன். ஸ்லைடிங் தடத்தின் வெளிவிளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கொத்தனார் சிலிக்கான் பூசும்போது இரண்டை அடைத்துவிட்டிருந்தார், நானே குத்தித் திறந்தேன்.

எல்லாம் சேர்த்து 4 லட்சத்து 80 ஆயிரம் ஆனது. முதல் முறை கொட்டிய பணம் இதில் சேராது. 2024 ஜூலையில் வேலை முடிந்தது. மதியம் வெளியே 37 இருந்த ஒரு நாள் உள்ளேயும் 37, மின்விசிறி ஓட அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார். ஏசி வைக்கவில்லை.

சோதனை நவம்பர் 30 இரவு வந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இங்கே மின்சாரம் போய்விட்டது. மாலையே தட்டிகளைக் கழற்றி உள்ளே வைத்திருந்தோம். டார்ச்சை அடித்துப் பார்த்தேன். தடத்தில் தண்ணீர் விரலளவு ஏறும், ஓட்டை வழியே வடியும், மறுபடி ஏறும். கண்ணாடி அசையவில்லை. கூரை வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு மூலை ஒழுகியது, பாத்திரம் வைத்தோம். அம்மா விடியும்வரை அங்கேயே உட்கார்ந்து, நந்தியாவட்டை தரையைத் தொட்டுத் தொட்டு எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒழுகிய மூலையில் சுவரைக் கீறி, தகட்டை உள்ளே செருகிப் பூசினோம். மார்கழியிலும் தையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் காலை வெயில் தென்கிழக்கு மூலை வழியாக நீளமாகத் தரையில் விழுகிறது. அந்த இரண்டு மாதம் மட்டும் தட்டியை இறக்குவதில்லை. அம்மா நாற்காலியை அந்த வெயிலுக்குள் இழுத்துப் போட்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு எட்டரை வரை இருப்பார்.