கழற்றிய பேரிங்கை உடனே தூக்கிப் போடாதீர்கள்

மெஷின் மெக்கானிக் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சீக்கிரமே வந்துவிடும். ஒரு பாகம் ஏன் போனது என்று பார்க்கப் பழகத்தான் நாளாகும். அதற்கு பேரிங்கைவிட நல்ல பாடம் கிடையாது.

எதையும் தொடுமுன் லாக்அவுட். மெயின் சுவிட்சை அணைத்து உங்கள் பூட்டைப் போடுங்கள். சாவி உங்கள் பையில்தான் இருக்கவேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, மெஷின் ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். மின்சாரம் போன பிறகும் அக்குமுலேட்டரில் (அழுத்திய எண்ணெயைச் சேர்த்து வைக்கும் கலத்தில்) எண்ணெய் அழுத்தம் இருக்கும், தூக்கி நிற்கும் ராம் (பிரஸ்ஸில் மேலும் கீழும் நகரும் கனமான பாகம்) கீழே விழக் காத்திருக்கும். அழுத்தத்தை இறக்குங்கள், எடைக்கு முட்டுக் கொடுங்கள்.

பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கப் பழகுங்கள். 6308 என்ற எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம்: 40 மி.மீ. 04-க்குக் கீழே மட்டும் கணக்கு வேறு. 00, 01, 02, 03 என்றால் 10, 12, 15, 17 மி.மீ.

பேரிங்கை ஷாஃப்ட்டில் (சுழலும் தண்டில்) ஏற்றும்போது தள்ளும் விசை உள் ரேஸில்தான் (உள்வளையத்தில்தான்) விழவேண்டும். வெளி ரேஸில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், குண்டுக்குக் குண்டு உள்ள அதே இடைவெளியில் ரேஸில் பள்ளம் விழும். புது பேரிங் முதல் நாளே இரைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இண்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் கையாலேயே ஏறும். நெருப்பு காட்டவே கூடாது. ஏறியதும் விட்டுவிடாமல், ஆறும்வரை ஷோல்டரோடு (ஷாஃப்ட்டில் பேரிங் முட்டி நிற்கும் படியோடு) அழுத்திப் பிடியுங்கள். ஆறும்போது சுருங்கி இடைவெளி விடும். கிரீஸ் உள்ளே காலியிடத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். அதிகமானால் கடைந்து கடைந்து சூடேறும்.

இனி, கழற்றிய பழசு. அதை வெட்டித் திறந்து துடைத்துப் பாருங்கள். உள்துளையில் துரு நிறத்தில் பொடி படிந்திருந்தால் ஷாஃப்ட்டில் பேரிங் லூஸாக உட்கார்ந்திருந்தது. மைக்ரோமீட்டர் வைத்து அளக்காமல் அடுத்ததை ஏற்றாதீர்கள். நீலம் பாய்ந்திருந்தால் கடும் சூடு, பெரும்பாலும் கிரீஸ் பற்றாக்குறை. ரேஸில் நெருக்கமாகச் சீரான குறுக்குக் கோடுகள் தெரிந்தால் பேரிங் வழியாக மின்சாரம் போயிருக்கிறது. வி.எஃப்.டி.-யில் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவியில்) ஓடும் மோட்டார்களில் இதைப் பார்க்கலாம். வெளி ரேஸில் குண்டு ஓடிய தடம் சாய்வாக இருந்தால் அலைன்மென்ட் பிழை, அதாவது பாகங்கள் நேர்கோட்டில் இல்லை.

அலைன்மென்ட் என்றதும் மோட்டாரையும் மெஷினையும் இணைக்கும் கப்ளிங்கில் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) வைக்க ஓடாதீர்கள். முதலில் மோட்டாரின் நான்கு கால்களும் தரையில் ஒட்டியிருக்கின்றனவா பாருங்கள். கால்மேல் டயலை வைத்து ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள்; 0.05 மி.மீ.-க்கு மேல் எழுந்தால் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) போட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போங்கள். இதை விட்டுவிட்டு எவ்வளவு மெனக்கெட்டாலும் ரீடிங் நிலைக்காது. கப்ளிங் விளிம்பில் ஒரு முழுச் சுற்றுக்கு மொத்தம் 0.20 மி.மீ. வந்தால் உண்மையான விலகல் 0.10 மி.மீ. மட்டுமே, பலரும் பாதியாக்க மறந்து ஷிம்மை இரட்டிப்பாகப் போட்டுவிடுகிறார்கள். எல்லா போல்ட்டையும் இறுக்கியபின் இன்னொரு முறை டயலைச் சுற்றிப் பாருங்கள், இறுக்கும்போதே மோட்டார் நகர்ந்துவிடுவதுண்டு.